வாரேன்னு சொல்லுய்யா

மாப்ள,

போன வாரம் பரவை மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காளவாசலில் பேருந்து மாட்டிக்கொண்டது. எனக்கு முன் இருக்கையில் ஒருவர், மடியில் கத்திரிக்காய்ப் பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பைக்குள் செல்போன் அடித்தது. பாட்டு வரும் என்று பார்த்தால் உன் குரல் வந்தது. "போறேம்மா" என்று ஆரம்பித்து, சற்று நிறுத்தி, "இல்ல... வாரேன்" என்று முடிந்து, மறுபடி "போறேம்மா" என்றது. அவர் போனை எடுக்கவே இல்லை, ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், "இந்த மனுசன் செத்தும் பேசிக்கிட்டே இருக்காரு பாருங்க" என்றார். "நடிகன்னா இவருல்ல நடிகன்" என்று சொல்லிவிட்டு, போன்காரர் மனசில்லாமல் பொத்தானை அழுத்தி, "சொல்லு மச்சான்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. செத்துப்போனவன்மேல் எவனாவது பொறாமைப்படுவானா என்று கேட்பாய். நான் படுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது பட்டதைவிட இப்போதுதான் அதிகமாகப் படுகிறேன். அப்போதாவது உனக்கு வழுக்கை விழுகிறது, தொப்பை போடுகிறது என்று எனக்குச் சின்னச் சின்ன சந்தோஷங்கள் இருந்தன. இப்போது அதுவும் இல்லை. செல்போனுக்குள் உனக்கு வயசே ஆகாது.

அந்த வரியை நீ முதலில் எங்கே கேட்டாய் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேருந்தில் இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. இறங்கும்வரை என் நாக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

நம் நாடகக் கம்பெனி பரவையில் கொட்டகை போட்டிருந்த வருஷம். உனக்கும் எனக்கும் மீசை அரும்பிக்கொண்டிருந்த வயசு. ஆனால் மேடையில் நான் கிழவன். முகவெட்டு அப்படி அமைந்துவிட்டது என்று சொல்லி, கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே வாத்தியார் என் தலையில் வெள்ளையைப் பூசிவிட்டார். நீ பெண் வேஷம். நாயகி, மகள், அண்ணி என்று எல்லாமே நீதான். சேலையைச் சுற்றிக்கொண்டு நீ வந்து நின்றால் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் மல்லிகைப்பூ வாங்கி உள்ளே கொடுத்துவிடுவார்கள். எனக்கு எவனும் ஒரு வெற்றிலைகூடக் கொடுத்துவிட்டதில்லை. நீ பெண்ணாக இருந்தபோதே உன்மேல் பொறாமைப்பட்டவன் நான். அப்போதிருந்து தொடங்கியதுதான் இது.

அந்தக் கோடையில் உனக்கு மகரக்கட்டு வந்தது. குரல் உடைந்துபோய், ஒரே வரியில் பாதி குயிலும் பாதி தவளையுமாக வந்தது. கொட்டகை சிரித்தது. வாத்தியார் மறுநாளே உன் சேலையைப் பிடுங்கி ஒரு புதுப் பையனுக்குக் கட்டிவிட்டு, உன்னைப் படுதா இழுக்க அனுப்பினார். நீ படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேடைக்கு இடப்பக்கம், திரைமறைவில் நிற்பாய். உனக்கு அந்தப் பக்கம் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பாவமாக இருந்தது என்றால் பொய். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

நம் வாத்தியாருக்குச் சகுனப் பைத்தியம் உண்டே. மேடையில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் வசூலும் போய்விடும், கம்பெனியும் போய்விடும் என்பார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நம்மவர்கள் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள் என்பது சரி, நாடகத்தில் வில்லன்கூடப் 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கொலை செய்யப் போகவேண்டும் என்றால் எப்படி. ஆனாலும் அதுதான் சட்டம். மீறினால் ஆட்டம் முடிந்ததும் முதுகு பழுத்துவிடும்.

அன்றைக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அப்பா வந்து, அவமானப்பட்டுத் திரும்பும் காட்சி. சம்பந்தி வீட்டில் ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை, தண்ணீர்கூடத் தரவில்லை. மகள் வாசலில் நிற்கிறாள். அப்பா 'போய் வருகிறேன், தாயே' என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். மகள் வேஷம் கட்டிய புதுப் பையனுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். அதைப் பார்த்ததும் எனக்கு வசனம் போய்விட்டது. "போறேன்" என்றேன்.

ஆர்மோனியம் நின்றது. என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. வலப்பக்கம் திரைமறைவில் வாத்தியார் பிரம்பை எடுப்பது தெரிந்தது. நான் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"யய்யா, போறேன்னு சொல்லாதய்யா. வாரேன்னு சொல்லுய்யா."

பெற்ற தகப்பனிடம் சொல்வதுபோல அத்தனை பதற்றத்தோடு ஒரு அம்மா கத்தினாள். என் கால் நின்றுவிட்டது. திரும்பப் பயம். முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு மெதுவாகத் திரும்பி, அந்தப் பையனைப் பார்த்து, "வாரேன்" என்றேன். அவ்வளவுதான். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஆண்கள் பக்கம் கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்த பையனும் நிஜமாகவே அழுதுவிட்டான். வாத்தியார் பிரம்பைச் சுவரில் சாத்திவிட்டு, "நாளையிலிருந்து இதையே வச்சுக்க" என்றார். அவருடைய சகுனம் அன்றோடு தோற்றது.

கம்பெனி கலையும்வரை நான் அதைச் செய்தேன். 'போறேன்', ஒரு நிற்றல், ஒரு திரும்பல், 'வாரேன்'. என் வாழ்க்கையில் நான் மேடையில் செய்த ஒரே ஒரு புதிய காரியம். நீ தினமும் படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாய்.

பிறகு நீ மெட்ராஸ் போனாய். என்னையும் கூப்பிட்டாய். "வா மாப்ள, ரெண்டு பேரும் ஒரே அறையில படுத்துக்கலாம்" என்றாய். எனக்கு அப்போதுதான் மில்லில் வேலை கிடைத்திருந்தது, பெண்ணும் பார்த்துவிட்டார்கள். நீ ரயிலேறும்போது, ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். நீ வரவில்லை. கூட்டத்தில் ஒருவனாக, கோர்ட்டில் பேசாத வக்கீலாக, பந்தியில் சாப்பிடும் சொந்தக்காரனாக நீ வந்த படங்களையெல்லாம் தேடிப்போய்ப் பார்த்தேன். உன்மேல் உள்ள பாசத்தில் என்று என் வீட்டுக்காரி நினைத்தாள். நீ இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் போனேன்.

ஒருநாள் நீ பேசினாய். உன்னைத் தூக்கி நிறுத்திய அந்தப் படத்தில் நீ கதாநாயகியின் அப்பா. சம்பந்தி வீட்டுக்கு வருகிறாய். யாரும் தண்ணீர் தரவில்லை. கிளம்புகிறாய். "போறேம்மா" என்றாய். நின்றாய், திரும்பினாய், "இல்ல... வாரேன்" என்றாய். தியேட்டரே எழுந்து கைதட்டியது. பக்கத்தில் என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். "எம்புட்டு நல்லா நடிக்கிறாரு உங்க சிநேகிதரு" என்றாள். அவள் என் நாடகத்தைப் பார்த்ததே இல்லை. இது என்னுடையது என்று அந்த இருட்டில் அவளிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த மகள் கல்யாணமாகிப் போனாலும் வழியனுப்ப நீதான் வந்தாய். ஏழை வாத்தியார், குருக்கள், நொடித்துப்போன ஜமீன்தார், ஓய்வுபெற்ற நீதிபதி என்று வேஷம் மாறியது. வாசல் மாறவில்லை, அந்தத் திரும்பலும் மாறவில்லை. கதாநாயகர்கள் மாறினார்கள், அவர்களுக்குப் பேரன்கள்கூட வந்தார்கள். நீ மட்டும் எல்லோருக்கும் மாமனாராகவே இருந்தாய். போஸ்டரில் உன் முகம் இருக்காது, பெயரும் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் படம் முடிந்து வெளியே வருகிறவன் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவான். நானும் குற்றம் கண்டுபிடிக்கப் போவேன். இந்தப் படத்தில் மூச்சு வாங்குகிறான், இதில் விக் சரியில்லை, இதில் கிளிசரின் தெரிகிறது என்று. கடைசியில் நீ திரும்பும்போது எனக்கும் கண் கலங்கும். அந்த எரிச்சல் தனி.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஒன்றைத் தவிர. மில் தொழிலாளர் விழாவில் நாங்கள் நாடகம் போட்டோம். ஆசையை அடக்க முடியாமல் அதில் அந்தக் காட்சியைச் சேர்த்தேன். 'போறேன்' என்று சொல்லிவிட்டு நின்றேன். கூட்டத்தில் விசில் பறந்தது, உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நாடகம் முடிந்ததும் ஒரு பையன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, அச்சு அசலு அவரு மாதிரியே பண்றீக. மிமிக்ரியில உங்கள அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றான். அன்றோடு மேடை ஏறுவதை விட்டுவிட்டேன், மாப்ள. சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவனைத் திருடன் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

தொண்ணூறுகளில் சினிமா உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. நீ சீரியலுக்குள் போனாய். தினமும் என் வீட்டுக் கூடத்துக்கே வர ஆரம்பித்தாய். என் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். ஒரு பொங்கலுக்கு டிவியில் உன் பேட்டி. பேட்டி எடுத்த பெண், அந்தத் திரும்பல் எப்படி வந்தது என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தாவது என் பெயர் வரும் என்று நினைத்தேன். நீ துண்டைச் சரிசெய்துகொண்டு, "அது நான் கண்டுபிடிச்சது இல்லம்மா. மதுரைக்குப் பக்கத்துல பரவையில ஒரு அம்மா சொல்லிக்குடுத்தது" என்றாய்.

ஒரு அம்மா. சரி. அந்த அம்மா யாரைப் பார்த்துச் சொன்னாள்? என் பெயரைச் சொல்ல உனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? டிவியை நிறுத்தினேன். "நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு, என்னத்துக்கு நிறுத்துறீக?" என்று வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள்.

உன் மனைவி போன பிறகு நீ பசுமலையில் மகள் வீட்டோடு வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். பக்கம்தான், ஆனாலும் நான் வரவில்லை. உன் மகள்தான் போன் செய்தாள். "மாமா, அப்பாவுக்கு நெஞ்சு முடியல. உங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றாள். வந்தேன். வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கிடந்தாய். உடம்பில் பாதி இல்லை. என்னைப் பார்த்ததும் கேட்டாயே ஒரு கேள்வி.

"வா மாப்ள. வயித்தெரிச்சல் எப்படி இருக்கு?"

"உன்னையவிடத் தெம்பா இருக்கு" என்றேன்.

நீ சிரித்தாய், இருமினாய். நான் சுற்றி வளைக்கவில்லை. "பரவையில ஒரு அம்மான்னு டிவியில சொன்னியே, அந்தம்மா யாரப் பாத்துச் சொன்னா?"

"உன்னையப் பாத்துத்தான்."

"அப்புறம் எம் பேர ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வசனத்த விட்டதையும் சொல்லணும்ல. எதுக்கு அந்தம்மா கத்துச்சுன்னு கேப்பாங்கல்ல."

"சொல்லேன். எனக்கென்ன."

"அப்ப அந்தம்மா யாருன்னும் சொல்லணும்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். தொண்டையை ஒருமுறை செருமினாய். உன் வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. "யய்யா, போறேன்னு சொல்லாதய்யா. வாரேன்னு சொல்லுய்யா."

அதே குரல். கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். உன் மகள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாருப்பா வந்திருக்கா? பொம்பளக் குரல் கேட்டுச்சே" என்று கேட்டு, வாசலை எட்டிப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்லம்மா, காபி கொண்டா" என்று அனுப்பிவைத்தாய்.

"படுதாக் கயிறு பொம்பளைங்க பக்கந்தான இருந்துச்சு, மறந்துட்டியா" என்றாய். "வாத்தியார் பிரம்ப எடுத்துட்டாரு மாப்ள. அன்னைக்கு உன் முதுகு தாங்காது. வாயில வந்ததச் சொன்னேன். பாதியில தவளை வந்துருமோன்னு பயந்தேன். வரல. நான் கடைசியாப் பேசுன பொம்பள வசனம் அதுதான். அதோட அந்தக் குரலு போச்சு. இப்பத்தான், உடம்பு வத்துனப்புறம், திரும்ப வருது."

"இம்புட்டு வருசமா ஏன்டா சொல்லல?"

நீ மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாய். "சொல்லிட்டா உனக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

மாப்ள, அந்த நிமிஷம் உன்னை எழுந்து அடிக்கத் தோன்றியது. இத்தனை காலம் நான் ஒரு சொத்தைப் பறிகொடுத்தவன் என்ற எண்ணத்தில் ஓரளவு கம்பீரமாகவே வாழ்ந்துவிட்டேன். அது என் சொத்தே இல்லை, பாதி உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. நான் வாங்கிய ஒரே கைதட்டலும் நீ எடுத்துக் கொடுத்தது. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த ஒரு காரணத்தையும் நீயே பிடுங்கிக்கொண்டாய். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு குரல் கொடுக்கத் தோன்றாமல் போயிற்று? நீ சேலை இழந்து கயிறு பிடித்தபோது, நன்றாக வேண்டும் என்று நினைத்தவன்தானே நான்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய். "ஒண்ணு சொல்றேன், கேளு. எம்புட்டோ படத்துல பண்ணிட்டேன். ஒண்ணுலகூட உன்னைய மாதிரி நிக்கத் தெரியல. சீக்கிரமாத் திரும்பிருவேன். ஃபிலிம் ஓடுதேன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. நீ பயத்துல நின்ன. அந்தப் பயம் எனக்கு வரவே இல்ல. என் படத்த நானே பாக்கும்போதெல்லாம் வயிறு எரியும்."

இதை நான் நம்புவதா, வேண்டாமா? ஆறுதல் சொல்லும் அப்பாவாகவே ஆயுசை ஓட்டியவன் நீ. எந்த இடத்தில் குரலை இறக்கினால் எதிரில் இருப்பவன் தேறுவான் என்று உனக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தில் இறக்கினாய். நானும் தேறினேன். நடிப்பாக இருந்தால், நீ செய்ததிலேயே அதுதான் நல்ல நடிப்பு.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கி, வேண்டுமென்றே "போறேன்" என்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ கூப்பிடுவாய் என்று நின்றேன். சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாய். அல்லது தூங்குவதுபோல் நடித்தாய். உன்னைத் தெரிந்தவனால்கூட எது என்று சொல்ல முடியாது. எழுப்பவேண்டாம் என்று அப்படியே வந்துவிட்டேன். 'வாரேன்' பாக்கி நின்றுபோனது.

அடுத்து நான் அந்தப் படியேறியது நீ போன அன்றைக்கு. நல்ல கூட்டம். டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். யாரோ நெற்றியில் பெரிதாக விபூதி பூசி, உன்னைக் கடைசியாக ஒரு வேஷத்தில் படுக்க வைத்திருந்தார்கள். மாலையைப் போட்டேன். உன் மகள் என் கையைப் பிடித்து அழுதாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? பேசாமல்தான் இறங்கினேன். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. பாக்கி இருக்கிறதே என்று எங்கிருந்தோ உறைத்தது. நின்றேன். மெதுவாகத் திரும்பினேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"வாரேன்."

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "எழவு வீட்டுல என்ன பேச்சு பேசுறீக" என்றாள். அதற்குள் பந்தலுக்கடியில் நின்ற ஒருவன், "விடுங்கத்தா, அவரு மாதிரியே செஞ்சு காட்டி அஞ்சலி செலுத்துறாரு பெரியவரு" என்று எனக்குப் பரிந்து பேசினான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டாயா, மாப்ள? உன் எழவு வீட்டிலும் நான் உன்னைக் காப்பியடித்தவன்தான்.

வெளியே மைக்கை நீட்டினார்கள். "அவரோட சின்ன வயசுலருந்து பழகுனவருன்னு சொன்னாங்க. யாருக்கும் தெரியாத விஷயம் ஏதாவது சொல்லுங்க சார்" என்றாள் ஒரு பெண். வாழ்க்கை முழுக்க நான் காத்திருந்த மைக். பரவை, கொட்டகை, பிரம்பு எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் அந்தக் குரலையும் சொல்லவேண்டும். சொன்னால் நாளைக்கு அதையும் எவனாவது மேடையில் செய்து காட்டுவான், கைதட்டல் வாங்குவான். "நல்ல மனுசன். பசி மட்டும் தாங்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். சாயங்காலம் டிவியில் அதையே போட்டார்கள். "இம்புட்டு காலம் பழகிட்டு இதத்தானா சொல்றது" என்று வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது என்னோடு புதிதாக ஒரு தகராறு. காலையில் பேப்பர் வாங்கக் கிளம்பும்போது நான் "போறேன்" என்கிறேன். வயசான காலத்தில் இது என்ன கெட்ட பழக்கம் என்று திட்டுகிறாள். வேண்டுமென்றுதான் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்வதற்கும் அவள் திட்டுவதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. செருப்பில் கால் நுழைக்கும் நேரம்தான். அதில் நீ கத்துகிறாய், பெண்கள் பக்கத்திலிருந்து, தவளை கலக்காத குரலில்.

உன் திரும்பலை ஊர் வைத்துக்கொள்ளட்டும். கத்திரிக்காய்ப் பைக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகட்டும். இந்தக் குரல் எந்தப் போனிலும் இல்லை. உன் மகள் காதில் அன்றைக்கு விழுந்தது, ஆனால் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எவனுக்கும் தரமாட்டேன், மாப்ள.